மனையா, பங்கா, டெபாசிட்டா?

அன்புள்ள ஐயா,

தனியார் கம்பெனியில் 34 வருடம் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். வயது 60. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 45 லட்சம். பென்ஷன் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்டு வந்ததிலிருந்து அந்தப் பக்கம் மனை விலை ஏறிக்கொண்டே போகிறது, 35 லட்சத்துக்கு ஒன்று இருக்கிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள் என்கிறார் மச்சினர். மகன் ஷேரில் போடச் சொல்கிறான். மனைவியோ பேங்கிலேயே கிடக்கட்டும் என்கிறாள். எல்லாமே உச்ச விலையில் இருக்கும்போது எதைத் தொடுவது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மூவரில் உங்கள் மனைவிதான் அடுத்த மாதச் செலவை நினைத்துப் பேசுகிறார். அங்கிருந்தே தொடங்குவோம். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த வீதத்தில் 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. வட்டிக்கு வரி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். இன்னொரு 5 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று பேங்கில் இருக்கட்டும்.

மனை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2013-ல் சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கம் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போனார்கள். செம்மண் பாதை, சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல், கல்லுக்குக் கல் சிவப்புக் கொடி. பஞ்சாயத்து அப்ரூவல், நாலு வருடத்தில் இரட்டிப்பு என்றார்கள், நம்பினேன். 2016 டிசம்பரில் அம்மாவின் ஆபரேஷனுக்காக விற்கப் போனால், என்னுடையதைப் போல முறையான அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாதென்று உயர் நீதிமன்றம் செப்டம்பரிலேயே தடை போட்டிருந்தது. நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டும் செல்லாமல் போயிருந்தது. விலை கேட்கக்கூட ஆள் இல்லை. போய்ப் பார்த்தேன், கல்லைச் சுற்றிக் கருவேலம் முளைத்திருந்தது. என் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் செய்தோம்.

உங்கள் மச்சினர் காட்டுவது டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்புத் துறை, முறையாக அங்கீகரித்த மனையாகவே இருக்கலாம். ஆனாலும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்கும் அன்றே போய்விடும். 35 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 15 ஆயிரம். காலி மனை வாடகையும் தராது. மிச்சப் பணத்தில் நீங்கள் இருவரும் எத்தனை வருடம் சாப்பிடுவீர்கள்?

ஷேரும் பயமுறுத்தும். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது, 2009 மார்ச்சில் 8,000 பக்கம் கிடந்தது. திரும்ப அந்த உயரத்தைப் பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று. நடுவில் பெண் கல்யாணத்துக்கு விற்றே ஆகவேண்டியிருந்தவர்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விலைவாசி ஏறும்போது தபால் ஆபீஸ் வட்டி கூடவே ஏறாது. அதனால் மிச்சமுள்ள 10 லட்சத்தை மகன் சொல்லும் வழியில் விடுங்கள், ஒரே நாளில் மட்டும் வேண்டாம். குறியீட்டில் உள்ள எல்லாக் கம்பெனிப் பங்குகளையும் சேர்த்து வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 40,000 வீதம் 25 மாதம் போடுங்கள். ஏழெட்டு வருடம் அதைத் தொடாதீர்கள்.

மச்சினர் விடாமல் வற்புறுத்தினால், அதே லே-அவுட்டில் மனையை விற்கப் பார்ப்பவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். என்ன விலை சொல்கிறார், எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். கேட்டபின் எனக்கு எழுதுங்கள்.