மின்நிலையத்துக்குத் தனிச் சோதனை தேவையா?

கேள்வி: அனல்மின் நிலையத்தைக் கட்டித் தரும் நிறுவனமே அதன் செயல்திறனைச் சோதித்துக் காட்டும்போது, மூன்றாம் தரப்பினரையும் வைத்துச் சோதிப்பது வீண் செலவு அல்லவா?
– வாசகர் ஒருவர், ராணிப்பேட்டை

பதில்: வீண் செலவு அல்ல. உறுதியளித்த மின் உற்பத்தியும் வெப்ப வீதமும் (ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் செலவாகும் வெப்பம்) கிடைக்காவிட்டால் ஒப்பந்தக்காரர் இழப்பீடு தர வேண்டியிருக்கும். வாங்குபவருக்கோ குறை தென்பட்டால் ஆதாயம். ஆகவே அளப்பவர் இருவருக்கும் பொதுவானவராக இருப்பதே முறை. 500 மெகாவாட் அலகில் வெப்ப வீதம் யூனிட்டுக்கு 2,400 கிலோகலோரி, நிலக்கரியின் வெப்பமதிப்பு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்று கொண்டால், 1 சதவீத வேறுபாடு முழுச் சுமையில் நாளொன்றுக்கு 72 டன் நிலக்கரிக்குச் சமம்.

உங்கள் ஊர் பெல் ஆலையில் உருவாகும் காற்று முன்சூடேற்றியையே பாருங்கள்; வெளியேறும் புகையின் சூட்டைக் கொண்டு, கொதிகலனுக்குச் செல்லும் காற்றைச் சூடாக்கும் கருவி அது. அதில் எவ்வளவு காற்று புகைக்குள் கசிகிறது என்பதை, நுழையும் புகையிலும் வெளியேறும் புகையிலும் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஆனால் அகன்ற புகைப்பாதையில் வாயு சீராகக் கலந்திருக்காது என்பதால், ஒற்றைக் கருவியை நம்பாமல், பல புள்ளிகளில் குழலை நுழைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். நிலக்கரி மாதிரியையும் பங்கிட்டு முத்திரையிட்டு, ஒரு பங்கைத் தகராறு வந்தால் பார்ப்பதற்கென்று எடுத்துவைப்பார்கள். சோதனையாளரைக் கடைசி வாரத்தில் தேடுவதால் பெரிய பயன் இல்லை. அளவீட்டுத் துளைகளை வடிவமைப்பிலேயே விட்டிருக்க வேண்டுமென்பதால், ஒப்பந்தம் எழுதும்போதே அவரை அமர்த்திவிடுவது நல்லது என்பேன்.