சுருட்டை முடியும் சூட்டுத் தகடும்: வாசகியர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எனக்கு இடுப்பு வரை நல்ல சுருட்டை முடி. ஞாயிறுதோறும் வீட்டிலேயே ஸ்ட்ரெய்ட்னர் போட்டு நேராக்கிக்கொள்கிறேன். “வாராவாரம் எதுக்கு இந்தப் பாடு? ஒரே தடவை ரீபாண்டிங் பண்ணிட்டா ஆறு மாசத்துக்குக் கவலையில்லை” என்கிறார்கள் பார்லரில். அத்தை மகளும் அதையே சொல்லி நச்சரிக்கிறாள். கெமிக்கல் வேண்டாம் என்று மனசு சொல்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.
(வாசகி, காரைக்குடி)

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அதற்கான காரணம் முடிக்குள்ளேயே இருக்கிறது.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைச் சேர்த்துக் கட்டியிருப்பவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அவிழ்ந்துவிடும், உலர்ந்தால் அப்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இன்னொன்று டைசல்பைடு எனப்படும் கந்தகப் பிணைப்பு. தண்ணீருக்கு அசையாது. உங்கள் சுருட்டையை நிலையாகப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

அளவான சூட்டில் போடும் ஸ்ட்ரெய்ட்னர் முதல் கட்டை மட்டும் அவிழ்த்து நேராக்கி முடிகிறது. அதனால்தான் தலைக்குக் குளித்ததும் சுருட்டை திரும்பி வந்துவிடுகிறது. இதைப் பலர் ஒரு குறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதுதான் இந்த முறையின் பெரிய ஆதாயமாகத் தெரிகிறது. இந்த ஞாயிறு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், திருவிழா முடிந்ததும் பழைய சுருட்டைக்குப் போகலாம். கடிவாளம் உங்கள் கையில் இருக்கிறது.

ரீபாண்டிங் கை வைப்பது கந்தகப் பிணைப்பில். அம்மோனியம் தயோகிளைகோலேட் போன்ற காரத்தன்மையுள்ள கிரீமால் அதை உடைத்து, தகட்டால் நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு மறுபடி ஒட்டவைக்கிறார்கள். உடைத்த அத்தனையும் திரும்ப ஒட்டுவதில்லை. ஒட்டாமல் போனது முடி இழந்த வலு. நீளம் வெட்டப்படும் வரை அது அப்படியேதான் இருக்கும்.

“ஆறு மாசத்துக்குக் கவலையில்லை” என்பதிலும் பாதிதான் உண்மை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. மூன்றாம் மாதம் வேரில் 3 செ.மீ. சுருட்டை, அதற்குக் கீழே படிந்த நேர்முடி. இரண்டும் சேரும் இடம்தான் சீப்பில் பட்டுபட்டென்று உடையும். அதைச் சரிசெய்ய மறுபடி கிரீம் போடும்போது, எவ்வளவு கைத்தேர்ச்சி இருந்தாலும் கொஞ்சம் பழைய முடியிலும் வழியும். ஏற்கெனவே உடைத்து ஒட்டிய இடத்தை இரண்டாம் முறை உடைப்பது அது. இதற்கு நடுவே வேர்ப்பகுதியை அமுக்க, ரீபாண்டிங் செய்துகொண்டவர்களும் வீட்டில் ஸ்ட்ரெய்ட்னர் எடுக்கத்தான் செய்கிறார்கள். ரசாயனம் பட்ட முடிக்கு அதே சூடு இரட்டைச் சுமை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: சூடும் சாதுவானதல்ல. வாராவாரம் சூடு பட்ட முடி நுனியில் பிளக்கும், வறளும். சூட்டை விடப்போவதில்லை என்பது உங்கள் முடிவானால், முடி தாங்கவேண்டியது அந்த ஒரு சுமையாக மட்டும் இருக்கட்டும். அத்தை மகளுக்கு இதையே சொல்லுங்கள்.

கேள்வி: “ஃபார்மால்டிஹைடு இல்லாதது” என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் கெரட்டின் ட்ரீட்மென்ட் (கலவை பூசித் தகட்டால் நேராக்குவது) செய்துகொள்ளலாமா?
(வாசகி, கோட்டையூர்)

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் நம்பிச் செய்துகொள்ள வேண்டாம். ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. அதன் பிறகு சந்தைக்கு வந்த பல கலவைகளில் அந்தப் பெயர் இருக்காது. மெத்திலீன் கிளைகால் என்று இருக்கும். தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான் அது. தகட்டின் சூடு பட்டதும் வாயுவாக வெளியேறும். கண் எரிவதும் தொண்டை கமறுவதும் அதனால்தான். போட்டுக்கொள்பவரைவிட, நாள் முழுக்க அந்த அறையில் நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்குத்தான் இதில் கூடுதல் பாதிப்பு.

வேறு சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் சேர்க்கிறார்கள். பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-ல் வெளியிட்ட ஒரு அறிக்கையில் 26 வயதுப் பெண்ணின் கதை வருகிறது. 2020, 2021, 2022 என மூன்று முறை முடி நேராக்கிக்கொண்டார், மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்தது. தலைத்தோல் வழியாக உள்ளே போன அமிலம் ஆக்சலேட் படிகமாகிச் சிறுநீரகத்தில் தங்குகிறது என்பது அவர்கள் கண்டது.

இன்னொன்று, அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு. முடி நேராக்கும் ரசாயனங்களை ஆண்டுக்கு நாலு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று 2022-ல் சொன்னார்கள். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் ஒதுங்கி நிற்க இவ்வளவு போதும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, மறுநாள் ஸ்ட்ரெய்ட்னர் போடுகிறேன். புகை வருகிறது, கருகல் வாடை அடிக்கிறது, தகட்டில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. எண்ணெய் இருந்தால் முடிக்குப் பாதுகாப்பு என்று அப்பத்தா சொல்கிறார்களே?
(வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: அப்பத்தா சொல்வது குளிப்பதற்கு முன்னால் வைக்கும் எண்ணெய்க்கு முழுக்கப் பொருந்தும். தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள்ளேயே இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. ஆனால் தகட்டுக்கு அடியில் அதே எண்ணெய் இருந்தால் கதை வேறு. செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் 175 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கிவிடும். உங்கள் தகடு 180-ல் இருந்தால் முடி எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அலசாத சீயக்காய்த் தூளும் அப்படித்தான். முடியோடு ஒட்டி நின்று கருகும், தகட்டில் பழுப்புப் பசையாகப் படியும்.

ஆகவே ஸ்ட்ரெய்ட்னர் போடப்போகும் வாரத்தில், குளிப்பதற்கு 1 மணி நேரம் முன்னால் எண்ணெய் வைத்து, மென்மையான ஷாம்பூவால் இரண்டு முறை அலசுங்கள். சீயக்காய்தான் வேண்டும் என்றால் தூளைக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பிறகு கண்டிஷனர், காதுக்குக் கீழே மட்டும். முடி உலர்ந்ததும் ஒரு கற்றையை டிஷ்யூ தாளில் வைத்து அழுத்திப் பாருங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் அன்று தகட்டைத் தொடாதீர்கள்.

துவட்டுவதற்குச் சொரசொர டர்க்கித் துண்டு வேண்டாம். பல வருடம் துவைத்து மெத்தென்று ஆன பழைய கண்டாங்கித் துணிக்கு ஈடு எதுவும் இல்லை. தேய்க்காமல் சுற்றி அழுத்துங்கள். முக்கால்வாசி காய்ந்து இன்னும் ஈரம் இருக்கும்போதே ஹீட் ப்ரொடெக்டன்ட் (சூட்டிலிருந்து காக்கும் பூச்சு) போடவேண்டும். சிலிக்கோன் கலந்த சீரம் என்றால் இடுப்பு நீள முடிக்கு ஒரு ரூபாய் நாணய அளவு, உள்ளங்கையில் தேய்த்து நடுவிலிருந்து நுனிக்கு. வேரில் வேண்டாம். இது சூட்டைத் தணிக்கும், முழுக்கத் தடுத்துவிடாது.

அடுத்து முழுக்க உலரவேண்டும். அதிகமானோர் கோட்டைவிடும் இடம் இது. அடர்த்தியான சுருட்டை மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். பிடரியில் விரல் விட்டுப் பாருங்கள், சில்லென்று பட்டால் காயவில்லை. சாம்பிராணிப் புகை வாசத்துக்கு நல்லது, இந்த உள்ஈரத்துக்குப் போதாது. உலர்ந்த கெரட்டின் 220 டிகிரிக்கு மேல் போனால்தான் உருக்குலையும், ஈர முடிக்கு 150 டிகிரியே போதும். அதோடு உள்ளே சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தண்டுக்குள் குமிழ் விடும். தகடு ‘சுர்ர்’ என்றால் அதுதான் நடக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள்.

சூடு: மெல்லிய முடிக்கு 150, நடுத்தரத்துக்கு 165 முதல் 175, தடித்த சுருட்டைக்கு 185. அதற்கு மேல் எவருக்கும் தேவையில்லை. டிகிரி எண் காட்டாத, ஆன்-ஆஃப் மட்டும் உள்ள மலிவுத் தகடு வாங்காதீர்கள். எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்று தெரியாமல் முடியை வைப்பது தப்பு. பூச்சு உரிந்த தகட்டையும் மாற்றிவிடுங்கள், உரிந்த இடம் முடியைப் பிடித்து இழுக்கும்.

முடியை நாலாகப் பிரித்து, பிடரியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். ஒரு கற்றை 5 செ.மீ. அகலம், பின்னால் பிடித்த விரல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசு. கற்றை தடித்தால் நடுவில் இருக்கும் முடிக்குச் சூடு போய்ச்சேராது, மறுபடி மறுபடி இழுக்கத் தோன்றும், வெளியில் இருக்கும் முடிதான் வேகும். தலைத்தோலிலிருந்து 1 செ.மீ. விட்டுத் தொடங்கி, நெருங்கிய பல் சீப்பை முன்னால் ஓடவிட்டுத் தகட்டைப் பின்னாலேயே நிற்காமல் கொண்டுபோங்கள். ஒரே இழுப்பு. பிடிவாதமான கற்றைக்கு இரண்டு, மூன்றாவது கிடையாது. நுனிக்கு வரும்போது சீக்கிரம் விட்டுவிடுங்கள். 60 செ.மீ. முடியின் நுனிக்கு வயது 5 வருடம். அதுவரை பட்ட வெயில், சீப்பு, சூடு அத்தனையும் அதில் இருக்கிறது.

முடித்ததும் பத்து நிமிடம் கட்டாதீர்கள், கோதாதீர்கள். அவிழ்ந்த பிணைப்பு ஆறும்போதுதான் இறுகும். சூட்டோடு ரப்பர் பேண்டு போட்டால் அந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும். இரவில் பழைய பட்டுத் துணியைத் தலையில் சுற்றிப் படுத்தால் அடுத்த ஞாயிறு வரை மறுபடி தகடு வேண்டாம். வாரம் ஒரு முறை என்பதே உச்சவரம்பு. நடுவில் ‘டச் அப்’ என்று தினமும் இரண்டு இழுப்பு இழுப்பவர்களுக்குத்தான் முடி முதலில் போகிறது.

தகட்டில் ஏற்கெனவே ஒட்டிய பசையை, பிளக்கைக் கழற்றி நன்றாக ஆறியபின் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

கேள்வி: முறையாகச் செய்தும் முடி விறைப்பாக, துடைப்பம் மாதிரி நிற்கிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான்.
(வாசகி, தேவகோட்டை)

பதில்: வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அதே சுண்ணாம்பு உங்கள் முடியிலும் படிகிறது. அதன்மேல் சீரமும் ஒழுங்காகப் பரவாது. தலைக்குச் சோப்புக் கட்டி போடும் வழக்கம் இருந்தால் முதலில் நிறுத்துங்கள், கடினத் தண்ணீரில் சோப்பு திரிந்து முடியில் அப்பிக்கொள்ளும். சீயக்காயும் ஷாம்பூவும் அப்படித் திரியாது. மாதம் ஒரு முறை, சுண்ணாம்பைப் பிடித்து நீக்கும் இடிடிஏ என்ற பொருள் சேர்ந்த கீலேட்டிங் ஷாம்பூ போடலாம். அது கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வினிகர் கலந்து கடைசியாக ஊற்றி, 1 நிமிடம் விட்டு அலசுங்கள்.

இதைவிட நல்ல வழி நம் வீடுகளிலேயே இருந்தது. முற்றத்தில் ஓட்டுச் சரிவிலிருந்து விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தார்களே, அதில் சுண்ணாம்பே கிடையாது. முதல் மழையில் ஓட்டுத் தூசி போகட்டும், அடுத்ததைப் பிடித்து மூடி வையுங்கள். தலைக்குக் குளித்ததும் கடைசி அலசலுக்கு 3 லிட்டர் போதும்.

கேள்வி: முன்நெற்றி முடி மட்டும் குளித்தாலும் சுருளவில்லை. அங்கங்கே ஈறு மாதிரி வெள்ளைப் புள்ளி. என்ன மாஸ்க் போடலாம்?
(வாசகி, புதுவயல்)

பதில்: முன் முடியையும் பின் முடியையும் ஒவ்வொரு கற்றை எடுத்து நனைத்துப் பாருங்கள். பின்னது சுருண்டு, முன்னது தொங்கினால் அது சூட்டுச் சேதம். வெள்ளைப் புள்ளி உள்ள முடியை மெல்ல இழுங்கள். அந்த இடத்திலேயே அறுந்தால் அது ஈறு அல்ல, தண்டு நொறுங்கிய இடம். எந்த மாஸ்க்கும் வெந்த புரதத்தை மீட்காது, மேலுக்கு வழவழப்புத் தரும், அவ்வளவுதான். கண்ணாடியில் தெரிகிறதே என்று முன்பக்கத்தை மட்டும் நாலைந்து முறை இழுப்பதால் வருவது இது. அங்கே முடியும் மெல்லிசு.

முன்பக்கத்துக்கு மூன்று மாதம் தகடு வேண்டாம். ஈரமாக இருக்கும்போது பெரிய ரோலரில் சுற்றி, முழுக்கக் காய்ந்தபின் எடுத்தால் ஓரளவு நேராக நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2 செ.மீ. வெட்டிக்கொண்டே வாருங்கள். புதிதாக வளர்வது சுருண்டுதான் வரும்.

கேள்வி: கல்யாணத்துக்கு நேராக்கிக்கொண்டு போனேன். பூ வைத்த இடம் மட்டும் ஒரு மணி நேரத்தில் நெளிந்துவிட்டது!
(வாசகி, பள்ளத்தூர்)

பதில்: மல்லிகைச் சரம் வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். அந்த ஈரம்தான் உங்கள் ஹைட்ரஜன் பிணைப்பை அவிழ்த்தது. சரத்தை வைப்பதற்கு 20 நிமிடம் முன்பே துணியிலிருந்து எடுத்து, காகிதத்தின் மேல் விரித்து நன்றாக உதறிவிட்டு, பின்னிய பின்னலின் மேல் வையுங்கள். விரித்த முடியில் நேராகச் செருக வேண்டாம். பிடரி வேர்வை நேராக்கிய முடியில் படாமல் இருக்க, கழுத்துப் பகுதி முடியை மட்டும் உள்ளே தனியாகப் பின்னி, அதன்மேல் நேராக்கிய முடியை விடுங்கள். நெளிந்துவிட்டதே என்று பந்திக்கு முன்னால் தகட்டைத் தேடாதீர்கள். அந்த முடி இப்போது ஈர முடி.