நாட்செஸில் குடியேறலாமா?

கேள்வி: நானும் கணவரும் பல வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறோம். இப்போது இருவருக்குமே வீட்டிலிருந்தபடி வேலை. போன வசந்தத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள நாட்செஸ் என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தோம். பழைய மாளிகைகளைச் சுற்றிக் காட்டினார்கள். ஆற்றங்கரை மேட்டில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். ஓக் மரங்களில் சாம்பல் நிறப் பாசி தொங்குகிற தெருக்கள், எதிரே வருகிறவர் எல்லோரும் நலம் விசாரிக்கிற பழக்கம் என்று எல்லாமே பிடித்துப்போய்விட்டது. ஹூஸ்டனில் ஒரு அபார்ட்மென்ட் வாங்குகிற காசுக்கு அங்கே வராந்தா வைத்த வீடே வாங்கலாம். ஆனால் தோழி ஒருத்தி, "அது அடிமைகளை விற்ற ஊர், அங்கே போய் எப்படி நிம்மதியாகத் தூங்குவாய்?" என்கிறாள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதையை எத்தனை நாளைக்குப் பேசிக்கொண்டிருப்பது? அழகான ஊரை அழகான ஊராக மட்டும் பார்த்தால் என்ன தப்பு?

— ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: அழகான ஊர்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மிசிசிப்பி ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 200 அடி உயர மேட்டில் இருக்கிறது. மேற்கே லூசியானாவின் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடப்பதால் சாயங்கால வெளிச்சத்துக்கு மறைப்பே இல்லை. கடை, தபால் நிலையம், தேவாலயம், நீதிமன்றம் எல்லாம் நடந்து போகிற தூரம். அக்டோபரில் ஆற்றுக்கு மேல் வெப்பக்காற்று பலூன்களைப் பறக்கவிடும் விழாவுக்கு ஊரே கூடும். பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, இப்படி ஓர் ஊரைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிடுவது இயல்பு. அந்த ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் உங்கள் கடைசி இரண்டு கேள்விகளை என்னால் அப்படியே விட முடியாது. நீங்கள் ரசித்த அழகையும் நீங்கள் ஒதுக்கச் சொல்கிற கதையையும் பிரிக்கவே முடியாது.

அந்த மாளிகைகள் ஏன் அங்கே இருக்கின்றன? பருத்தியால். 1860ல் நாட்செஸ் இருக்கும் ஆடம்ஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பத்துப் பேரில் ஏழு பேர் அடிமைகள். முதலாளிகள் பலருக்கு வயல்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூசியானாவில் இருந்தன. வீடு மட்டும் காற்றோட்டமான இந்த மேட்டில். சரி, கட்டியது அப்படி. இன்றுவரை அவை இடியாமல் நிற்பது எப்படி? அடிமை முறையை விடாத தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் இந்த ஊர் சண்டையில்லாமல் சரணடைந்தது, 1863 ஜூலையில் வடக்குப் படை வந்து தங்கியது. அதனால் எரியவில்லை. அப்புறம் ரயில் பாதைகள் வேறு ஊர்களை வளர்த்தன, பருத்தியைக் கூன்வண்டு தின்றது, ஊரில் பணம் வற்றியது. பழையதை இடித்துவிட்டுப் புதியது கட்ட யாரிடமும் காசில்லை. 1932ல் ஊர்ப் பெண்களின் தோட்டச் சங்கம் மாளிகைகளைத் திறந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டத் தொடங்கியது. நீங்கள் போன வசந்தச் சுற்றுலா அங்கே தொடங்கியதுதான்.

லாங்வுட் என்ற எண்கோண மாளிகையை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 1860ல் ஹாலர் நட் என்ற பண்ணை முதலாளி கட்ட ஆரம்பித்தது. அடுத்த வருடம் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்த தச்சர்கள் போட்டது போட்டபடி ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒன்பது அறைகளை மட்டும் அடிமைகளைக் கொண்டு முடித்துக் குடும்பம் குடியேறியது. 1864ல் நட் இறந்தார். மேலே போனால் இன்னும் பூசாத செங்கல், வெறும் மரச்சட்டங்கள், அன்று விட்டுப்போன பெட்டிகள். அந்தச் செல்வம் யாருடைய உழைப்பில் நின்றது என்பதற்கு அந்த வீட்டைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. அந்த உழைப்பு கைவிட்டுப் போனதோடு அதைக் கட்டி முடிக்கும் பணமும் போய்விட்டது.

அங்கிருந்து காரில் சில நிமிடத்தில், லிபர்ட்டி ரோடு வந்து சேர்கிற சந்தியில், 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு' என்ற புல்தரை இருக்கிறது. அமெரிக்காவின் தென்கோடி மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இதுதான். 1833ல் காலராவில் இறந்த அடிமைகளின் உடல்களை ஒரு வியாபாரி பள்ளத்தில் போட்டு மறைத்தது தெரியவந்ததும், அடிமை வியாபாரிகள் ஊர் எல்லைக்குள் கடை வைக்கக் கூடாது என்று நகரம் தடை போட்டது. விற்பது தவறு என்பதால் அல்ல, நோய் பரவும் என்ற பயத்தால். எல்லையைத் தாண்டிய இந்தச் சந்தியில் வியாபாரம் இன்னும் முப்பது வருடம் நடந்தது. இங்கே கூவி ஏலம் விடவில்லை. ஆண், பெண், குழந்தைகளுக்குப் புது உடுப்பு மாட்டி வரிசையாக நிறுத்துவார்கள், வாங்க வந்தவர் பார்த்துப் பேரம் பேசுவார். 1863ல் வடக்குப் படை வந்தபின், அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடிகளைப் பிரித்து அந்தப் பலகைகளைக் கொண்டு ராணுவத்துக்குக் குடியிருப்பு கட்டினார்கள். அந்த வேலையில் கறுப்பினப் படைவீரர்களும் இருந்தார்கள். இப்போது அங்கே சிமென்ட் தரையில் கால் விலங்குகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் செர் பாக்ஸ்லி போன்றவர்கள் பல்லாண்டு விடாமல் போராடியதால்தான் 2021ல் அது நாட்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியானது. மாளிகை பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் அங்கே இறங்குகிறார்கள்? நீங்கள் இறங்கினீர்களா?

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதை என்கிறீர்கள். இல்லையம்மா, அது அங்கே நிற்கவில்லை. நீங்கள் ரசித்த அந்த ஸ்பானிஷ் மாஸ் பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940 ஏப்ரல் 23 அன்று ரிதம் கிளப் என்ற தகரக் கொட்டகையில் கறுப்பின இளைஞர்களின் நடன இரவு. அலங்காரத்துக்காக உத்தரம் முழுக்க உலர்ந்த பாசியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பூச்சி அண்டாமல் இருக்க எண்ணெய் கலந்த பூச்சிமருந்தை அதன்மேல் அடித்திருந்தார்கள். டிக்கெட் இல்லாமல் யாரும் நுழையாதபடி ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. வெளியேற ஒரே வாசல். தீப்பிடித்ததும் பாசி வழியாகக் கொட்டகை முழுக்க ஓடியது. 209 பேர் இறந்தார்கள். ஒரே இரவில் ஒரு தலைமுறையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கின்றன.

1967 பிப்ரவரி 27 அன்று டயர் ஆலைத் தொழிலாளி வார்லஸ்ட் ஜாக்சன் வேலை முடிந்து தன் வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினார். அதுவரை வெள்ளையர் மட்டுமே பார்த்துவந்த ஒரு பொறுப்புக்கு அப்போதுதான் உயர்த்தப்பட்டிருந்தார். சம்பள உயர்வு மணிக்கு 17 சென்ட். வண்டியில் வைத்திருந்த குண்டு வெடித்து இறந்தார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய பிள்ளைகளின் வயதுக்காரர்கள் இன்றும் நம்மோடு வாழ்கிறவர்கள். "பழைய கதை" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இனி உங்கள் தோழிக்கும் ஒரு வார்த்தை. அந்த ஊரில் நிம்மதியாகத் தூங்கக் கூடாது என்பதும் சரியல்ல. நாட்செஸில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள். அடிமைகளை விற்ற ஊர் என்று நாம் முத்திரை குத்தி ஒதுங்கிக்கொள்கிற ஊர் அவர்களுக்குச் சொந்த ஊர். அவர்கள் அதைக் கட்டினார்கள், அங்கேயே இருந்தார்கள், விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவல்ஸ், 1870ல் அங்கே போகும் முன் நாட்செஸில் போதகராகவும் நகர சபை உறுப்பினராகவும் இருந்தவர். அந்த ஊரில் அடிமையாக வளர்ந்த ஜான் லிஞ்ச், விடுதலைக்குப் பிறகு அங்கே ஒரு புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்து, அப்புறம் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரானார். மாளிகைச் சுற்றுலாவில் இவர்கள் பெயரை எவ்வளவு நேரம் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அந்த ஊரில் மிகவும் முக்கியமாகப்படுகிற வீடு மாளிகை அல்ல. ஸ்டேட் தெருவில் இருக்கும் வில்லியம் ஜான்சனின் செங்கல் வீடு. 1809ல் அடிமையாகப் பிறந்து சிறுவனாக விடுதலை பெற்றவர். முடிதிருத்தும் கடைகள் நடத்திச் சம்பாதித்தார். 1840 சூறாவளியில் இடிந்த கட்டடங்களின் செங்கற்களை வாங்கி இந்த வீட்டைக் கட்டினார். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். கடைக்கு வந்தவர் பேச்சு, கடன், பந்தயம், தெருச் சண்டை எல்லாம் அதில் உண்டு. போருக்கு முந்தைய தென்மாநில ஊர் ஒன்றின் அன்றாடம் ஒரு கறுப்பினத்தவர் கையெழுத்தில் இவ்வளவு விரிவாகக் கிடைப்பது மிக அரிது. அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் அதே நாட்குறிப்பில் இருக்கிறது. அதையும் விழுங்கிக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். 1851ல் நில எல்லைத் தகராறில் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர். சுட்டவன் தான் கறுப்பினத்தவன் அல்ல என்று வாதாடினான். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல அன்றைய சட்டம் இடம் தராததால் தப்பிவிட்டான். இந்த ஒரு வீட்டில் அந்த ஊர் முழுவதும் இருக்கிறது. தேசியப் பூங்கா அதைப் பராமரிக்கிறது, அடுத்த முறை அங்கே போங்கள்.

சரி, குடியேறுவதற்கு வருவோம். தாராளமாகக் குடியேறுங்கள் என்பதுதான் என் பதில். 1960ல் கிட்டத்தட்ட 24,000 பேர் இருந்த ஊரில் 2020ல் 14,500 பேர். டயர் ஆலை போயிற்று, 2003ல் காகிதக்கூழ் ஆலையும் மூடியது, பிள்ளைகள் படித்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். அதனால்தான் 2021ல், உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வந்து குறைந்தது ஒன்றரை லட்சம் டாலருக்கு வீடு வாங்கினால் குடிவரும் செலவுக்கு 2,500 டாலரும், ஓராண்டுக்கு மாதம் 300 டாலரும் தருவதாக ஊரே அறிவித்து அழைத்தது. அந்த ஊருக்கு ஆள் வேண்டும். ஆனால் வருகிறவர் வராந்தாவில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க மட்டும் வந்தால் ஊருக்கு ஒரு பயனும் இல்லை. பிள்ளைகள் இருந்தால், வீட்டைப் பார்க்கும் முன் பள்ளிக்கூடங்களைப் போய்ப் பாருங்கள். வகுப்பறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊர் உண்மையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை எந்த வழிகாட்டியைவிடவும் அது தெளிவாகச் சொல்லும்.

வசதிகளையும் கண்ணைத் திறந்து பார்த்துவிடுங்கள். விமானம் ஏற ஜாக்சனுக்கோ பேட்டன் ரூஜுக்கோ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும், பெரிய சிகிச்சைக்கும் அப்படித்தான். பயணிகள் ரயில் கிடையாது. நீங்கள் பார்த்தது வசந்தம். ஜூலை, ஆகஸ்டில் வாடகைக்கு இருந்து பாருங்கள். பழைய மரவீட்டில் கரையானுக்கும் ஈரத்துக்கும் வருடா வருடம் செலவு உண்டு, பாதுகாக்கப்பட்ட பகுதியில் வெளிப்புறத்தை மாற்ற நகரக் குழுவின் அனுமதியும் வேண்டும். மேட்டின் மண் வண்டல் போன்ற பொடி மண், மழையில் சரியும். விளிம்பை ஒட்டிய வீடென்றால் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கணவரோ நீங்களோ ஹெச்-1பி விசாவில் இருந்தால், வேலை செய்யும் இடம் வேறு பகுதிக்கு மாறும்போது நிறுவனம் திருத்திய மனு போட வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றாலும் இது பொருந்தும், வக்கீலிடம் முதலில் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. போருக்கு முன்பு கட்டிய வீடாக இருந்தால், அதன் பின்கட்டில் சமையலறைக் கட்டடமோ சின்ன இரண்டு மாடிக் கட்டடமோ இருக்கலாம். விற்பவர் அதை விருந்தினர் அறை என்றோ தோட்ட வீடு என்றோ காட்டுவார். அங்கே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ஹிஸ்டாரிக் நாட்செஸ் ஃபவுண்டேஷனில் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய்ப் பத்திரம், உயில், சொத்துப் பட்டியல் தேடச் சொல்லுங்கள். அந்தக் கால சொத்துப் பட்டியல்களில் மேசை நாற்காலியோடு சேர்த்து மனிதர்களின் பெயர், வயது, விலை எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர்கள் கிடைத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதையெல்லாம் படித்த பிறகும் அந்த வீடு வேண்டும் என்று தோன்றினால் கையெழுத்துப் போடுங்கள்.