கமலீன் சாஸும் சுட்ட கோழியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இடைக்கால பிரெஞ்சு சமையலின் கமலீன் சாஸை இரண்டு முறை செய்தேன். வெங்காயம் வதக்கிச் செய்தபோது குழம்பு வாசம் அடித்தது. அடுத்த முறை கொழகொழவென்று பசையாகிவிட்டது. எங்கே தவறு? (வாசகி, கோவை)

பதில்: குழம்பு வாசத்துக்கு வெங்காயமும் எண்ணெயும்தான் காரணம். கமலீனில் இரண்டுக்குமே இடமில்லை, தாளிப்பும் கிடையாது. ஊறிய ரொட்டி, வினிகர் அல்லது ஒயின், அரைத்த வாசனைப் பொருள்கள், உப்பு, அவ்வளவுதான். தக்காளியும் மிளகாயும் 1492-க்குப் பிறகே ஐரோப்பாவுக்குப் போனவை, அவற்றையும் தொடாதீர்கள்.

பசையானதற்கு முதலில் பட்டையைச் சந்தேகப்படுங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தடித்த பட்டையின் தூள் ஈரத்தில், அதிலும் சூட்டில், வழவழவென்று ஆகிவிடும். மெல்லிய தாள் தாளாகச் சுருண்ட இலங்கைப் பட்டையே சரி. அடுத்தது ரொட்டி. பாலும் சர்க்கரையும் சேர்ந்த மென்மையான பிரெட் களியாகிவிடும். இனிப்பில்லாத, முந்தைய நாள் ரொட்டியைப் பழுப்பாக வாட்டுங்கள். கருகவிட்டால் சாஸ் கசக்கும்.

பழைய குறிப்புகளில் அளவு கிடையாது. ஒரு கோழிக்கு இந்த அளவு பொருந்தும்: ரொட்டி 40 கிராம், வினிகர் 50 மி.லி., தண்ணீர் 150 மி.லி., பட்டைத் தூள் ஒன்றரை தேக்கரண்டி, சுக்குத் தூள் 1 தேக்கரண்டி, கிராம்பு 4, திப்பிலி 3, ஜாதிபத்திரி ஓர் இதழ், உப்பு அரைத் தேக்கரண்டி. ரொட்டியை வினிகர்த் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, நைஸாகப் பொடித்த பொருள்களோடு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். இதைத் தவிர்த்தால் நாக்கில் மணல்போல் நெருடும். வைக்க வைக்க ரொட்டி ஊறி இறுகும் என்பதால், பரிமாறும் முன் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள்.

பச்சை இஞ்சி வேண்டாம். கப்பலேறி அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் சுக்குதான். திப்பிலியும் அன்று அங்கே விரும்பி வாங்கிய பொருள். நம் நாட்டு மருந்துக் கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு மிளகு போட வேண்டுமா?

1393 வாக்கில் பாரிஸில் எழுதப்பட்ட ‘மெனாஜியே’ என்ற இல்லறக் கையேடு, குளிர்காலத்தில் இந்த சாஸைக் கொதிக்கவைத்துக் கடைசியில் பழுப்புச் சர்க்கரை சேர்க்கச் சொல்கிறது. கோடையில் கொதிக்கவைப்பதில்லை என்கிறது. நம் வெயிலுக்குக் கோடைமுறையே போதும். சர்க்கரை வேண்டுமென்றால் நாட்டுச் சர்க்கரை 2 தேக்கரண்டி.

கேள்வி: அதே சமையலில் பாதாமும் சுக்கும் அரைத்துச் செய்யும் ஜான்ஸ் சாஸுக்கு ‘வெர்ஜூஸ்’ கேட்கிறார்கள். எலுமிச்சை போதுமா? (வாசகர், மதுரை)

பதில்: வெர்ஜூஸ் என்பது பழுக்காத திராட்சையின் சாறு. புளிப்புக் காய்கள் கிடைத்தால் நசுக்கி வடிகட்டலாம். இல்லையென்றால் ஒரு பங்கு எலுமிச்சைச் சாற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர். புளி வேண்டாம், வெளிர்நிற சாஸைக் கருக்கிவிடும். தோல் நீக்கிய பாதாம் 50 கிராம், சுக்குத் தூள் 1 தேக்கரண்டி, சாறு 150 மி.லி. அரைத்து, சிறு தீயில் 5 நிமிடம் கிளறுங்கள். தீ கூடினால் அடிபிடிக்கும்.

கேள்வி: கோழி வறண்டு போகிறதே? (வாசகி, சென்னை)

பதில்: தோல் உரித்த கோழியை வாங்கியிருப்பீர்கள். கடையில் ‘தோலோடு’ என்று கேளுங்கள். அன்றைய சமையற்காரர்கள் கோழியைச் சுடுநீரில் முக்கியெடுத்து, சதையில் கொழுப்புக் கீற்றுகளைச் செருகிக் கம்பியில் சுழற்றிச் சுட்டார்கள். வீட்டில் 1.2 கிலோ கோழியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் தோல் வேகுமே தவிர சிவக்காது. தோலுக்கடியில் 40 கிராம் வெண்ணெய் தடவி, தட்டில் படாமல் கம்பி வலைமேல் வைத்து, 200 டிகிரி செல்சியஸில் சுமார் 65 நிமிடம் சுடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வடிந்த கொழுப்பை மேலே ஊற்றுங்கள். தொடையின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டதும் எடுத்து, 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். சாஸைக் கோழிமேல் ஊற்றாமல் கிண்ணத்தில் வையுங்கள், தொட்டுச் சாப்பிட.