பச்சை விளக்கும் நச்சினார்க்கினியரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சூப்பர்ஹீரோ படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவன் நான். ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தில் பீட்டர் விரும்பும் பெண்ணின் தந்தை கார் ஓட்டிச் செல்லும் காட்சியை மட்டும் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். சிவப்பு விளக்கு பச்சையாக மாறும் நொடியில்தான் தன் காரில் வரும் பையன் யார் என்பது அவருக்குப் புரிகிறது. இதைச் சொன்னால், “சிக்னல் என்றால் மாறத்தான் செய்யும். இயக்குநருக்கே தெரியாததை எல்லாம் நீ கண்டுபிடிக்கிறாய்” என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் ரிமோட்டை எடுத்தாலே மனைவி எழுந்து போய்விடுகிறாள். இப்படிப் பார்ப்பது ரசனையா, பைத்தியமா? இயக்குநர் நினைக்காததைப் படத்தில் காண நமக்கு உரிமை உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவியின் கட்சியில் நான் முதல் உறுப்பினர். முதல் தடவை பார்க்கும்போது ரிமோட்டைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு உங்கள் பாடு.

நண்பர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். தெருவில் சிக்னல் தானாக மாறும், படப்பிடிப்பில் மாறாது. நடிகரின் முகத்தில் இந்த நிறம் இந்த நேரத்தில் விழ வேண்டும் என்று யாராவது தீர்மானித்தால்தான் விழும். ஆனால் நீங்களும் பாதியிலேயே நின்றுவிட்டீர்கள். தந்தையாக நடிக்கும் மைக்கேல் கீட்டன் கண்ணாடி வழியாகப் பையனைப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் விசாரிக்கிறார். மகளோ வெள்ளந்தியாகப் பேசிக்கொண்டே அவன் அடிக்கடி காணாமல் போவதை எல்லாம் சொல்லிவிடுகிறாள். சிவப்பில் கிடந்த முகத்தில் பச்சை ஏறுகிறது. படத்தின் வில்லனே அவர்தான்; அப்போது அவர் அணியும் வல்லூறு முகமூடியின் கண்களும் பச்சை என்பதை ரசிகர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, பச்சை விழுந்த பிறகும் கார் நகரவில்லை என்பதுதான். விளக்கு மாறிவிட்டதை மகள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பள்ளி நடனத்துக்கு மகளைக் கொண்டுபோய் விடும் தகப்பன் அந்தச் சில நொடிகள் காரில் இல்லை. அவர் இருக்கையில் வேறு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

இயக்குநர் இதை நினைத்தாரா என்ற கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. நம்மிடம் உரை எழுதும் மரபு பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. உரைகாரர் யாரும் புலவரிடம் கேட்டுவிட்டு எழுதவில்லை. பாட்டு இடம் கொடுக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். இடம் கொடுக்காதபோது இழுத்தவர்களும் உண்டு. பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து, வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு ‘மாட்டு’ என்று பூட்டிவிடுவார் நச்சினார்க்கினியர். பேரறிஞர்தான், ஆனாலும் சில இடங்களில் பாட்டு அவர் கையில் விழிபிதுங்கி நிற்கும். முதல் படத்தின் சுவரொட்டியையும் ஏழாவது படத்தின் சட்டைப் பொத்தானையும் முடிச்சுப் போடும் ரசிகரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த நுணுக்கத்தை எடுத்துவிட்டால் பாத்திரம் நொண்டுகிறதா? 2012இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில், இனி எதுவும் தன்னை வியப்பில் ஆழ்த்தாது என்கிறான் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ். பத்து டாலர் பந்தயம் என்கிறார் நாயகர்களை ஒன்றுசேர்க்கும் ஃப்யூரி. பிறகு அவர்கள் ஏறிய பிரம்மாண்டமான கப்பல் வானில் எழும்புகிறது. ஸ்டீவ் வாய் திறக்காமல் நடந்து வந்து ஒரு நோட்டை அவர் கையில் வைத்துவிட்டுப் போகிறான். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் பல பத்தாண்டுகள் பனியில் உறைந்து கிடந்து எழுந்த ஒருவனிடம், உலகம் மாறினாலும் வாக்கு மாறவில்லை என்பதை ஒரு நோட்டு காட்டிவிடுகிறது. பின்னணிச் சுவரில் எழுதியிருக்கும் எண்ணையோ செய்தித்தாள் தலைப்பையோ எடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவை புதையல் வேட்டை. நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவே.

தகுதியுள்ளவரால் மட்டுமே தூக்க முடிந்த தோரின் சுத்தியல் விவகாரமும் அப்படித்தான். 2015இல் வந்த ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் ஸ்டீவ் பிடித்து இழுக்கும்போது அது ஒரு மயிரிழை அசைகிறது. தூக்க முடியவில்லையா, தூக்க மனமில்லையா என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். நானோ சுத்தியலை விட்டுவிட்டுத் தோரின் முகத்தைப் பார்ப்பேன். அதுவரை இருந்த சிரிப்பு சட்டென்று அணைகிறது. 2019இல் ‘எண்ட்கேம்’ படத்தில் ஸ்டீவ் சுத்தியலைத் தூக்கியதும் “எனக்குத் தெரியும்” என்று தோர் கத்துவதற்கான விதை அந்த முகத்தில்தான் இருக்கிறது.

இனி என் அசட்டுத்தனம் ஒன்று. ‘தி டார்க் நைட்’ படத்தில் ஜோக்கர் மருத்துவமனையைத் தகர்க்கும்போது வெடி நடுவில் நின்றுவிட்டது, ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் கையிலிருந்த விசைப்பெட்டியைத் தட்டித் தட்டி அங்கேயே சமாளித்தார் என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அது கட்டுக்கதை. நிஜக் கட்டடம் ஒன்றைத் தகர்த்தார்கள். இரண்டாம் தடவை எடுக்க முடியாது. அந்த இடைவெளி முன்பே திட்டமிடப்பட்டது. தற்செயல் என்றால் நமக்கு இனிக்கிறது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டு, திட்டமே இல்லாதவன்போல் நிற்கிறான் ஜோக்கர். உண்மைதான் அவனுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

உங்கள் ரிமோட்டுக்கே அகப்படாத நுணுக்கங்களும் இருக்கின்றன. ‘இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன் படத்தில் பீட்டரும், புதிதாக ஸ்பைடர்மேன் ஆகும் சிறுவன் மைல்ஸும் காட்டில் தாவிச் செல்லும்போது, பீட்டரின் அசைவுக்கு நொடிக்கு 24 படங்கள், மைல்ஸுக்கு 12. பையன் தடுமாறுவது நமக்குத் தெரிகிறது, ஏன் என்று தெரிவதில்லை. நிறுத்தினால் வெறும் இரண்டு பேர்தான் அந்தரத்தில் தொங்குவார்கள்.

1978இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தையும் எடுத்துப் பாருங்கள். கிளார்க் காதலிக்கும் லோயிஸ் அடுத்த அறைக்குப் போயிருக்கிறாள். கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்கிக் கனக்கிறது. தான்தான் சூப்பர்மேன் என்ற உண்மையைச் சொல்லிவிடப் போகிறான். அவள் திரும்பி வருகிறாள். தைரியம் போய்விடுகிறது, கண்ணாடி மூக்கில் ஏறுகிறது, உடம்பு மறுபடி சுருங்குகிறது. தந்திரக் காட்சி ஏதும் கிடையாது. கிறிஸ்டோபர் ரீவ் என்ற நடிகரின் முதுகெலும்பு மட்டும்தான். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஓர் ஆள்தான் நிற்பான், ஓடவிட்டால்தான் இருவர்.

ரிமோட்டை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

அன்புடன்