பிடித்த நாயகியைத் தொடரில் சாகடித்தால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

செத்ததற்காக வரும் கோபம் இல்லை இது, அனுப்பிவைத்த விதத்துக்காக வருவது. ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் தாஷா யார் (Tasha Yar) என்ற பாத்திரத்தை எடுங்கள். விண்கப்பலின் பாதுகாப்புத் தலைவி, சட்டம் ஒழுங்கே இல்லாத கிரகத்தில் அநாதையாக வளர்ந்து தப்பி வந்தவள். 1988இல், முதல் சீசன் முடிவதற்குள்ளேயே, ஆர்மஸ் என்ற ஜந்து காரணமே இல்லாமல் ஒரே அடியில் அவளைக் கொன்றுவிடுகிறது, சண்டைகூட இல்லை. நடிகை டெனிஸ் கிராஸ்பி தனக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று தானாகவே விலகியவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், பலமான பெண் என்று சொல்லிவிட்டு அவளுக்கு வேலை கொடுக்கவில்லையே!

இதைக் கேட்ட நீங்கள் இலங்கை மலையகத்துப் பண்டாரவளைக்காரர் என்பதால் சொல்கிறேன், நம்ம தேயிலைத் தோட்டங்களில் சாவு என்றால் தப்பு மேளம் அடித்து, லயமே (வரிசை வீட்டுக்காரர் எல்லோருமே) கூடி நின்றுதானே அனுப்புவோம். அந்தக் கூடி நிற்கும் நேரம் பார்ப்பவர்களுக்கும் வேண்டும். தாஷா சாகும் அத்தியாயத்தின் கடைசியில், முன்பே பதிந்துவைத்த ஹோலோகிராமில் தாஷாவே வந்து ஒவ்வொருவரிடமும் விடைபெறுவதால் கொஞ்சம் மனம் ஆறுகிறது. ஆனால் அது மற்றவர்களுக்கு ஆறுதல், அவளுக்கு நியாயம் இல்லை.

நியாயம் 1990இல் கிடைத்தது. 'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்' அத்தியாயத்தில், வேறொரு காலக்கோட்டில் உயிரோடிருக்கும் தாஷாவுக்கு, தன் சாவு அர்த்தமில்லாதது என்று கப்பலில் இருக்கும் கைனன் என்பவள் மூலம் தெரியவருகிறது. அப்புறம் அவளே கேட்டு, திரும்பி வரமுடியாத பழைய கப்பலில் ஏறிப் போகிறாள். முடிவு அவளுடையது, அதனால் அழுகை வந்தாலும் கோபம் வராது.

சரி, இந்த இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் சீசன் முழுக்க வேண்டாம், ரொம்ப இழுவை.