அழுகையையும் சிரிப்பையும் எப்படிச் சேத்து எழுதுறது – கேளுங்க, சொல்றேன்

மதுரைல ரொம்ப வருஷமா மத்தவங்க எழுதுற வாழ்க்கைக் கதையத் திருத்திக் குடுக்குறேன். கேள்விய ஆரம்பிங்க.

செல்லூர்க்காரர்: 93 வெள்ளத்துல தறி போச்சு, அப்பா அதோட ஒடுங்கிட்டாரு. எழுதுனா ஒரே அழுகை. நடுவுல சந்தோஷமா நாலு பக்கம் சேக்கவா?

வேணாம்ணே, ஒட்டுப் போட்டது தெரிஞ்சுரும். நீங்க அனுப்புனதுலயே ஒரு வரி இருக்கு, தண்ணி வடிஞ்சப்புறம் தறிக்குழில அயிரை மீனு துள்ளுச்சு, அப்பா துண்டுல அள்ளி அம்மாட்ட குடுத்தாருன்னு. அத ஒத்த வரில தாண்டிட்டு 'கண்ணீர் பெருகியது'ன்னு அரைப் பக்கம் ஓட்டிருக்கீங்க. அந்த அரைப் பக்கத்த மீனுக்குக் குடுங்க, அம்மா கொழம்பு வச்சாங்களா, அப்பா சாப்பிட்டாரான்னு. ஒப்பாரி வைக்கிற கெழவிகளக் கேட்டுப் பாருங்க, செத்தவரு செஞ்ச சீரு, வச்சிருந்த மாடுன்னு நல்லதச் சொல்லிச் சொல்லித்தான் அழுவாங்க.

திருமங்கலம் தங்கச்சி: எழுதுன அன்னிக்கு மனசு இன்னும் கனமாயிருதுண்ணே.

ஆகும்மா. 1986ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவுல பென்னபேக்கர்ங்கிற மனோதத்துவக்காரர் காலேஜ் பசங்கள தெனம் 15 நிமிஷம், 4 நாள், பழைய காயத்த எழுத வச்சாரு. எழுதி முடிச்ச கையோட மனசு கெட்டுத்தான் கெடந்துச்சு, ஆனா நடந்ததையும் அப்ப மனசு பட்டதையும் சேத்து எழுதுனவங்க அடுத்த மாசங்கள்ல டாக்டர்ட்ட போனது கொறஞ்சுச்சு. தூக்கமே போச்சுன்னா மட்டும் நிறுத்திட்டு டாக்டரப் பாரும்மா, நான் பிழை திருத்துறவன்.

மேலூர் ராசா: பாதி சோகம் பாதி சந்தோஷம், கணக்கு சரியா?

கணக்கெல்லாம் ரேசன் கடையில.

வண்டியூர் தம்பி: அழகர் ஆத்துல எறங்குறத தாத்தா தோள்ல இருந்து பாத்தேன், பச்சப் பட்டு. அன்னிக்குச் சாயங்காலமே தாத்தா போயிட்டாரு. எதுல ஆரம்பிக்க?

தோள்ல. சாவ மொத வரில வைக்காத.

வண்டியூர் அண்ணன்: அவன் கூடப்பொறந்தவன்தாங்க நான். செகப்புப் பட்டு!

வண்டியூர் தம்பி: டேய், பச்சடா. அம்மாச்சியக் கேளு.

அனுப்பானடி அக்கா: அழகர் கட்டி வர்ற பட்டு பச்சன்னா அந்த வருசம் நல்லா வெளையும், செகப்புன்னா கெட்டது நடக்கும்பாங்க. தாத்தா செத்த வருசம் எப்படிப் பச்சயா இருக்கும்?

இருங்க இருங்க, இதுதான் விசயமே. சாவு விழுந்த வீட்ல எல்லாரும் பழச மாத்திச் சாயம் போட்டுருவாங்க, அண்ணனுக்குச் செகப்பானது அப்படிக்கூட இருக்கலாம். பழைய பேப்பர்ல தேடிப் பாருங்க, ஆனா அண்ணந்தம்பி சண்டையவும் அப்படியே எழுது.

சோழவந்தான்: சோகத்துல காமெடி சேக்கலாமா?

செல்லூர் அண்ணனுக்குச் சொன்னதப் படிங்க.

உசிலம்பட்டி: எனக்கும் அதே சந்தேகம்…

மேல போய்ப் படிங்கய்யா! 'கண்ணீர் பெருகியது' இருந்தா அடிச்சிட்டு வாங்க.

செல்லூர்க்காரர்: அம்மாட்ட கேட்டேன். கொழம்பு வைக்கலயாம், அடுப்பு, வெறகு எல்லாம் நனஞ்சு கெடந்துச்சாம். மீனச் சட்டில தண்ணி ஊத்தி வச்சிருந்தோமாம், அப்பா மூணு நாளும் அதயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாராம்.

எழுதுங்கண்ணே.